எலும்பன் படித்த கழுத்து

எலும்பன் கழுத்தைப் பின்னால் இழுத்தபோது ஆவுடைத்தாய்க்கு முதலில் வந்தது கோபம்தான். மூச்சு நின்றது அதற்கப்புறம்.

நாலாவது நிமிஷம். சோதனைக் கொட்டகைச் சுவரில் பச்சை எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. முதுகில் மூட்டை. மூட்டைக்கும் முதுகுக்கும் நடுவில் எலும்பன். தொண்டைக்குள் யாரோ ஈரத்துணியைத் திணிப்பது போலிருந்தது. தலையை முன்னால் நீட்டினால் காற்று வரும் என்று அவள் உடம்புக்குத் தெரியும். நீட்டினாள். எலும்பன் கோபப்படாமல், முடிதிருத்துபவர் குழந்தையின் தலையைத் திருப்பி வைப்பது மாதிரி, இழுத்து நேராக வைத்தது. மறுபடி நீட்டினாள். மறுபடி வைத்தது. மூன்றாம் தடவை கண்ணுக்குள் பூச்சி பறந்தது, முழங்கால் மடங்கியது. எலும்பன் அவளை விழ விடவில்லை. நிற்க வைத்தபடியே மணி அடித்தது.

சட்டகக் கம்பெனிக்காரப் பெண் மெஹர் ஓடி வந்து கொக்கிகளைக் கழற்றினாள். ஆவுடை தரையில் உட்கார்ந்து, வாயைத் திறந்து, கழுத்தைக் கொக்கு மாதிரி முன்னால் நீட்டிக் காற்றை அள்ளிக் குடித்தாள். துறையில் அவளுக்குக் கொக்கு என்றே ஒரு பேர் உண்டு.

"ரெண்டாவது தடவையும் போச்சுக்கா" என்றாள் மெஹர். குரலில் வருத்தம் இருந்தது.

எலும்பன் என்பது சுமைகாரர்கள் வைத்த பேர். கம்பெனிக் காகிதத்தில் அதற்கு முதுகுச் சட்டகம் என்று பேர். பிடரியிலிருந்து தொடை வரைக்கும் கட்டைவிரல் கனத்தில் கம்பிகள், மூட்டுக்கு மூட்டு ஒரு சின்ன மோட்டார். மாட்டிக்கொண்டால் ஐம்பது கிலோ மூட்டை பத்து கிலோ மாதிரித் தெரியும். பெரிய துறைமுகங்களில் மனுஷனுக்கு வேலையே இல்லாமல் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது, எல்லாம் இயந்திரக் கை. ஆனால் இந்தப் பழைய துறையிலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் மாவும் வத்தலும் ஏற்றிப்போகும் தோணிகளின் வயிறு குறுகல். இயந்திரக் கை நுழையாது. மனுஷன்தான் நுழைய வேண்டும், நுழைகிறவன் முதுகில் எலும்பன் இருக்க வேண்டும். அதுதான் சட்டம்.

அந்தச் சட்டத்தைக் கேட்டு வாங்கியவர் மிக்கேல் அண்ணன், ஆவுடையின் சுமைக் கூட்டத்துக்குத் தலைவர். அவருடைய தம்பி முப்பது வயதில் முதுகு உடைந்து கட்டிலோடு போனவன். அதற்கப்புறம் துறை வாசலில் பதினாலு நாள் எல்லாரையும் உட்கார வைத்து வாங்கினார். அதனால் எலும்பனைப் பற்றி ஒரு சொல் தப்பாகச் சொன்னால் அவருக்குப் பொறுக்காது.

"அது மேல குத்தம் சொல்லாத ஆவுட" என்றார் அன்றைக்கும். "முப்பத்தெட்டு பேரு மாட்டிக்கிட்டு ஏறுதாவ, எறங்குதாவ. உனக்கு மட்டும் ஏன் மூச்சு முட்டுது? நிமிந்து நிக்கப் பழகு. சின்னப் புள்ளையிலருந்து கூனியே நின்னுட்ட."

"நிமிந்தா அடைக்குதுண்ணே."

"நிமிந்தா யாருக்காவது அடைக்குமா? உலகத்துல இல்லாத கதையா இருக்கு."

ஆவுடை முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். நாற்பத்திரண்டு வயது அவளுக்கு. முழித்திருக்கிற நேரமெல்லாம் அசதி. தூங்கி எழுந்தாலும் தூங்காத மாதிரி, வாய் காய்ந்து, மண்டை கனத்து. இரண்டு மூட்டைக்கு நடுவில் கண் சொக்கிவிடும். சோம்பேறி என்று அம்மா சொன்னாள், பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள், கட்டிக்கொண்டவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவளும் அதை நம்பிவிட்டாள்.

இப்போது நெஞ்சில் குத்தியிருக்கும் பித்தளை வில்லைதான் கவலை. வில்லை இருந்தால்தான் துறையில் மூட்டை தொடலாம். ஒன்பது வருஷம் வரிசையில் நின்று வாங்கிய வில்லை அது. எலும்பனை மாட்டிக்கொண்டு மூட்டையோடு பத்து நிமிஷம் மணி அடிக்காமல் நிற்க வேண்டும், அதுதான் சோதனை. மூன்று தடவை அதில் தவறினால் துறைமுக வாரிய அதிகாரி அதைக் கழற்றி, வரிசையில் அடுத்து நிற்பவர் கையில் கொடுத்துவிடுவார். மூன்றாவது சோதனை வெள்ளிக்கிழமை.

வரிசையில் அடுத்து நின்றவள் டெய்சி. ஆறு வருஷமாக வில்லைக்குக் காத்திருக்கிறாள். அதுவரைக்கும் துறையில் கூட்டுவதும், கிழிந்த சாக்குத் தைப்பதும் அவள் சோலி. கெட்டவள் இல்லை. காத்துக் காத்துக் கண் பூத்தவள்.

மறுநாள் காலையில் டெய்சி நேராகக் கொட்டகைக்குப் போனாள். மிக்கேல் அண்ணனும் அங்கே இருந்தார். ஆவுடை ஓரமாக உட்கார்ந்து கழுத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் இருக்கிறாள் என்பதற்காக டெய்சி குரலைத் தாழ்த்தவில்லை.

"மேடம், இவளுக்கு எதுக்கு மூணாவது தடவ? பலகையிலயே ஏமாத்துதவ இவ."

"என்ன ஏமாத்துறாங்க?"

"கொட்டைய மேல புடிக்கிறதில்ல. கன்னத்துல ஒதுக்கிக்கிடுதா. நான் ஆறு வருசமா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"என்ன கொட்டை?"

கடல் என்றால் என்ன என்று கேட்ட ஆளைப் பார்ப்பதுபோல டெய்சி மெஹரைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்.

கரைக்கும் தோணிக்கும் நடுவில் போட்டிருக்கும் பலகை ஒன்றரை அடி அகலம். கீழே தண்ணீர். முதுகில் சுமையோடு போகிறவன் எவனாவது கிண்டலுக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தால் மூச்சு உடையும், மூச்சு உடைந்தால் கால் தவறும். அதனால் பலகையில் பேச்சுக் கிடையாது. பேசாமலிருப்பதற்கு ஒரு புளியங்கொட்டை. அதை மேல்வாயில் வைத்து நாக்கால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். வாய் தானாக மூடிக்கொள்ளும், மூச்சு மூக்கு வழியே போகும், மாவுத்தூசும் வத்தல் நெடியும் தொண்டைக்குள் இறங்காது. பலகை தாண்டினதும் கூட்டத் தலைவருக்கு வாயைத் திறந்து காட்டிவிட்டுக் கடலில் துப்பலாம். இது எப்போது ஆரம்பித்தது என்று துறையில் யாருக்கும் தெரியாது.

மெஹர் கையிலிருந்த பலகைக்கணினியைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, அஞ்சு வருஷத்துக்கு முன்னால எங்க கம்பெனி இங்க வந்து நாப்பது பேரை அளந்துச்சுல்ல. மூட்டையோட பலகையில நடக்கவிட்டு, கேமரா வச்சு. அன்னைக்கும் இந்தக் கொட்டை இருந்துச்சா?"

"இல்லாம பலகையில ஏற விடுவேனா?" என்றார் மிக்கேல் அண்ணன்.

"நாப்பது பேர் வாயிலயுமா?"

"நாப்பது பேருக்கும் நானே எண்ணிக் குடுத்தேன்."

"ஏன்ணே ஒருத்தர்கூடச் சொல்லல?"

"பலகையில வச்சு அளந்தீங்க. பலகையில பேசக்கூடாது. எறங்குனதும் துப்பிட்டோம்." அவர் கொஞ்சம் யோசித்தார். "நீங்களும் கேக்கல."

மெஹர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு முகம்.

"அந்த நாப்பது பேரை வச்சுத்தான் மாதிரி உடம்பு செஞ்சோம். நல்ல சுமைகாரர்னா கழுத்து எங்க நிக்கணும், தாடை எங்க நிக்கணும்னு எலும்பன் படிச்சது உங்ககிட்டதான். ஒன்பது துறைமுகத்துல அதே அளவு ஓடுது. நாங்க முதுகை அளந்தோம்னு நெனச்சுக்கிட்டிருந்தோம். நாக்க மேல ஒட்டி வச்சா கழுத்து தானா நிமிந்து நிக்கும், அப்ப நாக்கையும் சேத்து அளந்திருக்கோம்." அவள் ஆவுடை பக்கம் திரும்பினாள். "அக்கா, கொட்டையை ஏன் கன்னத்துல வைக்கிறீங்க?"

ஆவுடை எண்ணெய்க் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருஷமாக மறைத்தது. பலகை முனையில் கன்னத்திலிருந்து கொட்டையை நாக்கு நுனிக்குத் தள்ளி, வாயை அரைகுறையாகத் திறந்து காட்டிவிட்டு உடனே துப்பிவிடுவாள். மிக்கேல் அண்ணனும் உற்றுப் பார்க்கிறவர் இல்லை.

"புடிக்க வராது" என்றாள் கடைசியில்.

"நாக்க மேல தொடுங்க பாப்போம்."

"வேண்டாம் மேடம்."

"நான் பாக்கல. நீங்களே தொட்டுப் பாருங்க."

"எத்தன தடவ தொட்டுப் பாப்பேன்? சின்னதுலருந்து தொட்டுத்தான் பாக்கேன். எட்டாது. கீழ புடிச்சுக்கிட்டிருக்கு." அவள் சட்டென்று எழுந்து, வந்தது வரட்டும் என்பதுபோல் வாயைத் திறந்து காட்டினாள்.

நாக்கு நுனியிலிருந்து அடிவாய் வரைக்கும் வெள்ளையாகத் தடித்த ஒரு சவ்வு, விறைத்த கயிறு போல. தூக்கினால் நாக்கு நடுவில் குழிந்து, நுனி இரண்டாகப் பிளந்ததுபோல் ஆனது. கீழ்ப்பல்லுக்கு மேல் ஏறவில்லை.

டெய்சி வெளியே போய்விட்டாள்.

அன்று மத்தியானமே மெஹர் அவளை அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனாள். பொற்செல்வி என்று பேர், ஆவுடை வயதுதான் இருக்கும். வாயைப் பார்ப்பதற்கு முன்னால் ஆவுடை நடந்து வந்ததைப் பார்த்தாள், உட்கார்ந்ததைப் பார்த்தாள், பேசாமலிருக்கும்போது உதடு பிரிந்து கிடப்பதைப் பார்த்தாள். அப்புறம்தான் விளக்கைப் போட்டாள்.

"நாக்கு ஒட்டு. பொறக்கும்போதே வர்றது. யாரும் சொல்லலியா உங்களுக்கு?"

"பேச்சு கொஞ்சம் கொழையும்னு சொல்லுவாவ. வேற ஒண்ணும் சொல்லல."

"தூங்கும்போது குறட்டை?"

"எங்க வீட்டுக்காரரு ஆட்டோ ஓட்டுதாரு. ஆட்டோ சத்தத்துலகூடத் தூங்கிருவேன், உன் சத்தத்துல முடியலம்பாரு."

டாக்டரம்மா சிரித்தாள். ஒரு காகிதத்தை எடுத்துப் பக்கவாட்டில் ஒரு தலையை வரைந்தாள்.

"இங்க பாருங்க. வாய் மூடியிருக்கும்போது நாக்கு மேல்வாயில ஒட்டி நிக்கணும். அப்படி நின்னாத்தான் சின்ன வயசுல மேல்வாய் அகலமா வளரும், அதுக்கு மேல இருக்கிற மூக்குப் பாதையும் நல்லா விரியும். உங்க நாக்கு கட்டுத்தறியில கெடந்த கன்னுக்குட்டி மாதிரி கீழயே கெடந்திருக்கு. மேல்வாய் குறுகிப்போச்சு. மூக்கு பத்தல, வாயால மூச்சு விடப் பழகிட்டீங்க. நிமிந்து தாடையப் பின்னால இழுத்தா நாக்கோட அடி போய் தொண்டைய அடைக்குது. அப்ப உடம்பு என்ன செய்யும்? தலைய முன்னால நீட்டி வழியத் தொறந்து வச்சுக்கிடும். தலை முன்னால போனா தோள் உருளும். தோள் உருண்டா முதுகு வளையும்."

"அப்ப இந்தக் கூனு?"

"கூன் இல்ல அது. உங்க உடம்பு மூச்சுக்குக் கண்டுபிடிச்ச வழி. அதத்தான் அந்த மெஷின் நிமித்தி நிமித்தி அடைச்சிருக்கு."

ஆவுடை அந்தக் காகிதத் தலையை வெகுநேரம் பார்த்தாள்.

"அப்ப நான் சோம்பேறி இல்லியா டாக்டரம்மா?"

"நாப்பது வருஷமா ஒழுங்காத் தூங்கல, அதோட மூட்டையும் தூக்கியிருக்கீங்க. சோம்பேறின்னு யார் சொன்னா?"

"எல்லாருந்தான்."

டாக்டரம்மா ஒரு டம்ளர் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினாள். குடித்து முடித்ததும் மீதியைச் சொன்னாள். நாக்கு ஒட்டு இருக்கிற எல்லாருக்கும் இப்படி ஆகாது. இருக்கிறதே தெரியாமல் நன்றாக மூச்சு விடுகிறவர்கள் நிறைய. வெட்டிவிட்டால் எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடும் என்றும் நினைக்கக்கூடாது; நாக்குக்கு நடை பழக்குவது மாதிரி மாதக்கணக்கில் பயிற்சி செய்ய வேண்டும், கழுத்துக்கும் செய்ய வேண்டும். ஆனால் உங்களுக்கு நல்ல மாற்றம் வரும் என்றே தோன்றுகிறது. நாளைக்கே வேண்டுமானாலும் வாருங்கள்.

ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் பஸ்ஸுக்கு நின்றார்கள். மெஹர் பஸ் வருகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தாள். அப்புறம் பேசினாள்.

"அக்கா, நாளைக்கே பண்ணிக்குங்க. நான் டாக்டர் சீட்டை வச்சு வெள்ளிக்கிழமை சோதனைய ரெண்டு மாசம் தள்ளிப்போடுறேன். வில்லை தப்பிச்சிரும்."

"நல்லதுதானே."

"நல்லதுதான்." மெஹர் செருப்பு நுனியால் மண்ணைக் கிளறினாள். "ஒண்ணு சொல்லணும். சொல்லாம இருந்தா எனக்குத்தான் தூக்கம் வராது. ஒன்பது துறைமுகத்துல இதுவரைக்கும் பதினோரு பேர் மூணு தடவையும் தவறி வில்லை போயிருக்கு. உடற்தகுதி இல்லைன்னு எழுதிட்டோம். அதுல நாலு பேருக்கு எழுதினது நான்."

"அவுகளுக்கும் நாக்கு ஒட்டா?"

"தெரியாதுக்கா. ஒருத்தருக்கு மூக்குத் தண்டு வளைஞ்சிருக்கலாம். ஒருத்தர் வேற ஊர்க்காரர், கொட்டைப் பழக்கமே இருந்திருக்காது. ஆளுக்கு ஒரு காரணம். ஆனா எலும்பனுக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு கழுத்து. நீங்க நாளைக்கு வெட்டிக்கிட்டா கம்பெனி என்ன சொல்லும் தெரியுமா? பாரு, கோளாறு நாக்குலதான் இருந்துச்சு, நாக்கைச் சரிபண்ணிட்டாங்க, சட்டகத்துல ஒரு தப்பும் இல்லைன்னு சொல்லும்."

"வெட்டாம நின்னா?"

"ரத்தத்துல எவ்வளவு காத்து இருக்குன்னு காட்டுற மூச்சு மானிய விரல்ல மாட்டி, அதிகாரி முன்னால, இதே கழுத்தோட வெள்ளிக்கிழமை நின்னீங்கன்னா, எலும்பன் மூச்சை அடைக்கிறது எழுத்துல வந்துரும். அவர் அதுக்கப்புறம் நம்ம பேச்சைக் கேப்பாருங்கிறதுக்கு நான் பொறுப்பு எடுத்துக்க முடியாது. கேக்காட்டி வில்லை போயிரும்."

பஸ் வந்தது. கூட்டமாக இருந்தது. ஆவுடை ஏறவில்லை. தொண்டையில் ஈரத்துணி அடைக்கும் அந்த உணர்ச்சியை நினைத்துப் பார்த்தாள். அப்புறம், எந்த ஊரென்றே தெரியாத பதினோரு பேர் வீட்டில் உட்கார்ந்து, நாம் நிமிரத் தெரியாத ஆட்கள் என்று நம்பிக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்த்தாள். அந்த நம்பிக்கை எப்படி இருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"மணி அடிச்ச ஒடனே அவுத்துருவீங்களா?"

"பக்கத்துலயே நிப்பேன்."

"அப்ப வெட்டு கொஞ்சம் பெறவு வச்சுக்கிடலாம்."

வெள்ளிக்கிழமை கொட்டகை நிறைந்திருந்தது. அன்றைக்கு ஏற வேண்டிய தோணியை அப்படியே விட்டுவிட்டுக் கூட்டமே வந்துவிட்டது. வாரிய அதிகாரி நெற்றியில் விபூதியோடு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி நின்றார். அவரும் பொல்லாதவர் இல்லை. விதியில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் படிக்கத் தெரிந்தவர்.

ஆவுடை எலும்பனை மாட்டிக்கொண்டாள். மூட்டை ஏறியது. மூச்சு மானியின் எண் சுவரில் வந்தது: தொண்ணூற்றேழு.

இரண்டாவது நிமிஷம் தொண்ணூற்று நாலு. மூன்றாவதில் எண்பத்தெட்டு. கழுத்து நீண்டது, எலும்பன் இழுத்தது. கூட்டத்தில் யாரோ "நீட்ட விடேன் அத" என்று எலும்பனிடமே முணுமுணுத்தார்கள். நாலாவதில் எண்பத்தொன்று. மணி அடிக்கும் முன்பே மெஹர் கொக்கியில் கை வைத்திருந்தாள்.

ஆவுடை தரையில் உட்கார்ந்து காற்றை அள்ளினாள்.

அதிகாரி எண்ணைக் குறித்துக்கொண்டார். மெஹர் பேச ஆரம்பித்தாள். அளவெடுத்த நாள், கொட்டை, நாக்கு, தாடை, எல்லாம் சொன்னாள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"புரியுதும்மா. ஆனா ஒருத்தருக்கு உள்ள குறைபாட்ட வச்சு நான் சட்டகத்தைக் குத்தம் சொல்ல முடியாது. மத்தவங்க எல்லாரும் நிக்கிறாங்களே. மூணாவது தடவை." வில்லைக்காகக் கையை நீட்டினார்.

ஆவுடை ரவிக்கையில் குத்தியிருந்த வில்லையின் ஊக்கைத் தேடினாள். ஊக்கு விரலுக்குச் சிக்கவில்லை.

"அய்யா, ஒரு நிமிசம்." மிக்கேல் அண்ணன் முன்னால் வந்தார். "எனக்கு மாட்டுங்க."

"உங்களுக்கு எதுக்கு? அந்த மாதிரி உடம்பே உங்க ஆட்களோடதுதானே."

"அதான் சொல்லுதேன். கொட்டை இல்லாம மாட்டுங்க. இவ நாக்கு எங்க கெடக்கோ, என் நாக்கையும் அங்க போட்டுக்கிட்டு நிக்கேன்."

மெஹர் அவரை ஒரு தடவை பார்த்தாள். மாட்டிவிட்டாள். வாயைத் திறந்து, நாக்கைக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் தளர விட்டு, மேலே தூக்கவே கூடாது என்று சொல்லிக் கொடுத்தாள். அவர் விரலில் மூச்சு மானி ஏறியது.

இரண்டு நிமிஷம் தேர்போல நின்றார். நாலாவதில் நெற்றி நரம்பு புடைத்தது. ஐந்தாவதில் அறுபது வயதுக்காரரின் கழுத்து, யாரும் கேட்காமலே, முன்னால் நீண்டது. எலும்பன் இழுத்து வைத்தது. அவர் கண் பெரிதாகியது. மறுபடி நீட்டினார். மறுபடி இழுத்தது. ஆறாவது நிமிஷம் இருமல் வெடித்து, மணி அடித்தது. சுவரில் எண்பத்து மூன்று.

எலும்பனைக் கழற்றியதும் அவர் மெதுவாக வந்து ஆவுடைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் கொக்கு மாதிரிக் கழுத்தை நீட்டி மூச்சு வாங்கினார்கள்.

"இதையா தாயி மூணு தடவ தாங்குன?"

"நீங்கதானண்ணே அது மேல குத்தம் சொல்லாதன்னீங்க."

"சொன்னேன்." அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டார். "இப்ப நானே சொல்லுதேன்."

அதிகாரி நீட்டிய கையை எப்போது மடக்கினார் என்று யாரும் கவனிக்கவில்லை. அவரே மெஹரிடம் கேட்டார்: "இந்தக் கழுத்து இழுக்கிறத மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க முடியுமா?"

"ரெண்டு விரல் தளத்துறேன் சார். மாதிரி உடம்பை மறந்துட்டு இவங்க கழுத்தைப் படிக்கச் சொல்றேன்."

ஆவுடை மறுபடி எழுந்தாள். வேண்டாமக்கா, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று டெய்சிதான் சொன்னாள். ஆவுடை கேட்கவில்லை. மாட்டிக்கொண்டாள். எலும்பன் அவள் பிடரியில் உரசியது, நிதானித்தது, கழுத்து போன போக்கில் கூடவே போய் நின்றது. பத்து நிமிஷம். தலை முன்னால் நீண்டு, தோள் உருண்டு, பார்க்க ஒரு லட்சணமும் இல்லாமல், மூச்சு மட்டும் போய்வந்துகொண்டிருக்க நின்றாள். தொண்ணூற்றாறு, தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு.

"கொக்கு பாஸு" என்றாள் டெய்சி, கொஞ்சம் வயிற்றெரிச்சலோடும் கொஞ்சம் ஈரக் கண்ணோடும்.

அதற்கப்புறம் நடந்தது எல்லாம் கடுதாசி வேலை. சோதனை ஒன்பது துறைமுகத்திலும் நிறுத்தி வைக்கப்பட்டது. மெஹருக்கு மேலேயிருந்து நிறைய வசவு வந்தது, வேலை போகவில்லை. பதினோரு பேருக்கும் கடிதம் போனது. ஒன்பது பேர் திரும்பி வந்தார்கள். ஒருத்தர் வேறு தொழிலுக்குப் போய்விட்டார். ஒருத்தர் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டுப் பதிலே போடவில்லை. அந்த ஒருத்தரைப் பற்றி ஆவுடை மெஹரிடம் அடிக்கடி கேட்பாள்.

டாக்டரம்மா சவ்வை வெட்டியது அப்பளம் பொரிக்கிற நேரம்தான். அதற்கப்புறம்தான் பாடு. நாக்கைத் தூக்கு, மேலே ஒட்டு, சொடக்குப் போடு, இழுத்து நீட்டு. மாட்டை விரட்டுகிற மாதிரி வீட்டில் காலையும் மாலையும் டொக்கு டொக்கென்று சத்தம். புண் ஆறும் வரை டெய்சி தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்தாள்.

"ஆறு வருசமா ஒன் வில்லைக்குக் காத்துக்கெடந்தேன். இப்ப ஒனக்கே கஞ்சி ஊத்துதேன். என் தலையெழுத்தப் பாத்தியா?"

ஆவுடை வாயைத் திறந்து சிரிக்க முடியாமல் கண்ணால் சிரித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் வாயை மூடியபடி சாயங்காலம் வரை அசையாமல் தூங்கினாள். சத்தமே வராததில் அவள் வீட்டுக்காரர் பயந்துபோய் மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தார். காற்று மெல்லிசாக, சூடாக வந்தது. எழுந்தபோது ஜன்னலில் வெயில் மஞ்சளாக இருந்தது. உடம்பில் என்னமோ குறைகிறதே என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். அசதியைக் காணோம். சும்மா உட்கார்ந்து அழுதாள். என்ன என்று கேட்டவரிடம், ஒன்றுமில்லை, தூங்கினேன் என்றாள்.

எட்டு மாசம் ஆயிற்று. வத்தல் மூட்டை ஏறுகிற நாள். ஆவுடை எலும்பனை மாட்டிக்கொண்டு குனிந்து எழுந்தாள். நாலு எட்டு வைத்திருப்பாள். பிடரியில் கம்பி அழுத்தியது. அவள் தலையை முன்னால் தள்ளியது. அவள் நிமிர்ந்தாள். மறுபடி தள்ளியது. அவள் விடவில்லை. எலும்பன் மணி அடித்தது.

மெஹர் ஓடி வந்தாள். "மூச்சு முட்டுதாக்கா?"

"இல்ல. மூச்சு நல்லாத்தான் போகுது. இதுதான் என்னைய முன்னால தள்ளுது."

மெஹர் கணினியைப் பார்த்தாள். அப்புறம் ஆவுடையின் காதுக்கும் தோளுக்கும் நடுவில் கையால் அளந்தாள். ஒரு தடவை அளந்தது போதாமல் இன்னொரு தடவை அளந்தாள்.

"தலை ரெண்டு விரல் பின்னால வந்துருச்சு. எப்ப வந்துச்சுக்கா?"

"யாருக்குத் தெரியும்? நான் கண்ணாடியா பாக்கேன்."

"எலும்பன் படிச்சு வச்சிருக்கிறது உங்க பழைய கழுத்து. நீங்க நிமிந்துட்டீங்க. அதுக்கு அடையாளம் தெரியல. இது நம்ம ஆள் இல்லையேன்னு குனிய வைக்கப் பாக்குது."

ஆவுடைக்குச் சிரிப்பு வந்தது. முதுகில் மூட்டையோடு, கரை முழுக்கத் திரும்பிப் பார்க்கச் சிரித்தாள். பலகை முனையிலிருந்து மிக்கேல் அண்ணன் என்ன விஷயம் என்று கையை ஆட்டிக் கேட்டார்.

"பழசை அழிச்சிட்டுப் புதுசா படிக்கச் சொல்றேன்" என்று மெஹர் திரையில் விரலைக் கொண்டுபோனாள்.

"அழிக்க வேண்டாம்" என்றாள் ஆவுடை.

"ஏன்?"

"அதுக்குப் பக்கத்துலயே புதுசையும் போட்டு வைங்க. சளி புடிச்ச நாளு, ஒடம்பு முடியாத நாளுன்னு வரும். அன்னைக்குப் பழையபடி நீட்டிக்கிட்டுத்தான் வந்து நிப்பேன். அப்பவும் அதுக்கு என்னையத் தெரியணும்ல?"

மெஹர் குனிந்து, பெயருக்கு எதிரே இருந்த கட்டத்தைப் பிரித்து இரண்டாக்கி, எழுதினாள்: ஆவுடைத்தாய். கழுத்து இரண்டு.